முதல் மாதிரியும் சக மாணவர் கருத்துரையும்

பெங்களூரு நகரின் தெற்கே, ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள எலெக்ட்ரானிக் சிட்டி, நாட்டின் மின்னணுத் தொழில் வளர்ச்சியில் தனியிடம் பெற்ற பகுதியாகும். கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில், 332 ஏக்கர் பரப்பில், கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் 1970களின் பிற்பகுதியில் இத்தொழிற்பேட்டைக்கு அடிகோலியது. அந்நிறுவனத்தின் முதல் தலைவராக விளங்கிய ஆர்.கே. பாலிகாவின் கனவில் உருவான இப்பேட்டையில் இன்று கணிப்பொறி மென்பொருள், மின்னணுக் கருவிகள், உயிரியல் தொழில்நுட்பம் எனப் பல துறைகள் வேரூன்றியுள்ளன.

தொழிலகங்களோடு கல்வி நிலையங்களும் இங்கு வளர்ந்துள்ளன. சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 1999இல் தொடங்கப்பட்டுப் பின்னர் இங்கேயே தன் வளாகத்தை அமைத்துக்கொண்டது. கேரளத்தின் நெட்டூரில் 1959இல் தோன்றிய தொழிற்பயிற்சி அறக்கட்டளையின் மின்னணுப் பயிற்சி நிலையமும் இங்குள்ளது. பி.இ.எஸ். பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் இதே சாலையில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடம் திறக்கப்பட்ட பின்னர், இப்பகுதிக் கல்லூரிக்கும் தொழிலகத்திற்கும் இடையிலான பயணம் சில நிமிடங்களாகக் குறைந்துவிட்டது.

ஆயினும் பழக்கத்தில் உள்ள தொலைவு அந்த அளவிற்குக் குறையவில்லை. தொழிலகத்தில் சேரும் இளம் பொறியாளர் தாம் செய்யும் வேலையை முதல் மாதத்திலிருந்தே உடன் பணியாற்றுவோரின் பார்வைக்கு வைக்கவேண்டியிருக்கிறது. நாட்டின் பல பொறியியல் கல்லூரிகளிலோ, நான்கு ஆண்டுகள் பயிலும் மாணவரின் செய்முறைப் படைப்பு, அது முற்றுப்பெற்ற பிறகே பிறர் கண்ணில் படுகிறது. அப்போதும் அதைக் காண்போர் வழிகாட்டும் ஆசிரியரும் வெளித் தேர்வாளருமே. உடன் பயிலும் அறுபது பேர் அதைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்பது கேட்கப்படுவதே இல்லை. இந்த இடைவெளியை நிரப்பும் எளிய வழி, முதல் மாதிரி நிலையிலேயே சக மாணவர் கருத்துரையைப் பெறுவதாகும். அதன் பயனையும், அதை நடத்தும் முறையையும், அதன் எல்லைகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் மாதிரி என்பது யாது?

பொறியியல் வடிவமைப்புப் பாடத்தில் மாணவர் ஒரு தேவையை இனங்கண்டு, அதற்குரிய கருவியையோ முறையையோ தாமே உருவாக்குகின்றனர். விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் புத்தாக்கமும் வடிவமைப்புச் சிந்தனையும் என்னும் பாடத்தை முதலாண்டு மாணவர்க்கு வைத்துள்ளது. ஹூப்ளியிலுள்ள கே.எல்.இ. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து இயங்கும் மாதிரிகளைச் செய்யும் பாடம் நடைபெற்று வருகிறது. இறுதியாண்டு வரை காத்திராமல் முதலாண்டிலேயே கையால் செய்து கற்கும் வாய்ப்பு இவ்வாறு பெருகிவருவது வரவேற்கத்தக்கது.

மாதிரி என்றவுடன் பளபளப்பான பெட்டியும், அழகிய எழுத்துகளும், ஒளிரும் விளக்குகளும் பலர் நினைவிற்கு வருகின்றன. முதல் மாதிரி அத்தகையதன்று. அட்டை, நூல், தெர்மோகோல், பழைய மின்கலம் ஆகியவற்றால் ஒரே மாலைப்பொழுதில் கட்டப்படுவது அது. ஒரு கருத்து நடைமுறையில் நிற்குமா என்று கேட்பதே அதன் வேலை. விடை கிடைத்தபின் அதைத் தூக்கி எறியலாம்.

தமிழ்நாட்டில் அரங்கேற்றம் என்பது பழைமையான வழக்கம். புலவர் தம் நூலை அவையில் வைத்துச் சான்றோரின் ஒப்புதலைப் பெறுவர். நாட்டியம் பயின்றவர் மேடையேறுவர். ஆனால் அரங்கேற்றத்திற்கு முன் ஒத்திகை உண்டு. ஒத்திகையில் பிழை செய்வது குற்றமன்று. அது பிழையைக் கண்டறிவதற்காகவே நடத்தப்படுகிறது. நமது பொறியியல் கல்வியில் அரங்கேற்றம் உண்டு, ஒத்திகைதான் இல்லை.

திருத்தத்தின் விலை

பொருளாதார நோக்கில் இதைக் காண்பது பயன் தரும். ஒரு வடிவமைப்பில் உள்ள குறையைத் திருத்துவதற்கு ஆகும் செலவு எப்பொழுதும் ஒரே அளவாக இருப்பதில்லை. தாளில் வரைபடமாக இருக்கும்போது அதைத் திருத்த ஓர் அழிப்பான் போதும். அட்டை மாதிரியாக இருக்கும்போது கத்தரிக்கோலும் ஒரு மணி நேரமும் போதும். மின்சுற்றுப் பலகை அச்சாகி, பாகங்கள் பற்றவைக்கப்பட்டு, வெளிப்பெட்டியும் வார்க்கப்பட்டபின் அதே குறையைத் திருத்தப் பணமும் பல வாரங்களும் தேவைப்படுகின்றன.

பணத்தை விடப் பெரிய தடை மனத்தடையாகும். ஒரு பொருளின் மீது உழைப்பைச் செலவிட்டவர் அதைக் கைவிடத் தயங்குவர். ஏற்கெனவே செலவானது திரும்பி வராது என்றும், இனி எடுக்கும் முடிவு அதைப் பொருட்படுத்தக்கூடாது என்றும் பொருளாதாரப் பாடம் கற்பிக்கிறது. ஆனால் மூன்று மாதம் உழைத்த மாணவரிடம் இறுதி வாரத்தில் அடிப்படைக் கருத்தே தவறு என்று கூறினால், அவர் குறையை ஒப்புக்கொள்வதை விட அதை மறைக்கவே முற்படுவார். தேர்வாளர் வரும் நாளில் மட்டும் கருவி எப்படியாவது இயங்கினால் போதும் என்னும் மனநிலை இவ்வாறே தோன்றுகிறது. கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் திட்டப்பணிகளை விலைக்கு வாங்கிச் சமர்ப்பிக்கும் வழக்கம் நாட்டில் பரவியிருப்பதற்கும் இதுவே ஒரு காரணம் எனலாம். முடிந்த பொருளை மட்டுமே கேட்கும் கல்விமுறைக்கு, முடிந்த பொருளை விற்கும் கடை ஈடுகொடுக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

எலெக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருப்பவை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெங்களூருவில் கடும் நீர்த்தட்டுப்பாடு ஏற்பட்டு, ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டதை நாடறியும். இந்நிலையில் மாடித் தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை நான்கு மாணவர் கொண்ட குழு உருவாக்க முனைவதாக வைத்துக்கொள்வோம்.

அவர்களுடைய முதல் மாதிரி ஒரு நெகிழி வாளி, இரு செப்புக் கம்பிகள், ஒரு 9 வோல்ட் மின்கலம், ஓர் ஒலிப்பான், மூன்று எல்.இ.டி. விளக்குகள் பொருத்திய அட்டைப் பெட்டி ஆகியவற்றால் ஆனது. நீர் உயர்ந்து கம்பிகளைத் தொட்டவுடன் மின்னோட்டம் பாய்ந்து ஒலி எழும். குழுவினரின் பார்வையில் கருவி வெற்றி பெற்றுவிட்டது.

வகுப்பிலுள்ள வேறு மூன்று குழுக்கள் பதினைந்து நிமிடம் அதை இயக்கிப் பார்க்கின்றன. ஒருவர் சிவப்பு விளக்கைக் கண்டு தொட்டி காலியாகிவிட்டது என்று பொருள் கொள்கிறார். மற்றொருவர் மோட்டாரை நிறுத்தவேண்டும் என்று பொருள் கொள்கிறார். விளக்கின் நிறம் இருவருக்கு இரு செய்தி தருவது குழுவினருக்கு அப்பொழுதுதான் தெரிய வருகிறது. மூன்றாமவர், தொட்டி நான்காம் மாடியிலும் மோட்டார் விசை தரைத்தளத்திலும் இருக்கையில், ஒலி யார் காதில் விழும் என்று கேட்கிறார். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீட்டில் வளர்ந்த மாணவி ஒருவர், நீரில் மூழ்கிய உலோகத்தின் மேல் வெண்மையான படிவு சில மாதங்களிலேயே கெட்டியாகிவிடும் என்பதைச் சுட்டுகிறார். நேர்மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் மின்னாற்பகுப்பினால் ஒரு கம்பி அரிக்கப்படும் என்பதை இன்னொருவர் நினைவூட்டுகிறார். மாற்றுத்திசை மின்னோட்டத்தையோ விட்டுவிட்டுப் பாயும் மின்துடிப்பையோ பயன்படுத்தலாம். அல்லது கம்பியை விடுத்து மிதவையை நாடலாம்.

இக்கருத்துகள் யாவும் பாடநூலில் உள்ளவையே, அல்லது அன்றாட வாழ்வில் கண்டவையே. ஆயினும் நால்வர் குழு அவற்றைக் காணவில்லை. அவர்களுக்கு இன்னும் செலவாகவில்லை. அட்டையைக் கிழித்து மறுநாள் மாற்றிவிடலாம். இதே கேள்விகளை இறுதித் தேர்வாளர் எழுப்பியிருந்தால் அவை மதிப்பெண் குறைப்பாக மட்டுமே முடிந்திருக்கும்.

தொழில் உலகம் கற்ற பாடம்

சக பணியாளரின் ஆய்வு தொழில் உலகில் முறையாக வகுக்கப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன் 1976இல் வெளியிட்ட கட்டுரை அவ்வரலாற்றில் முக்கியமானது. மென்பொருளின் வடிவமைப்பையும் நிரல்களையும், அவை இயக்கிச் சோதிக்கப்படுவதற்கு முன்பே, ஏறத்தாழ நால்வர் கொண்ட சிறு குழு உட்கார்ந்து ஆராயவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. பணியின் முற்பகுதியில் செய்யப்படும் திருத்தம், பிற்பகுதியில் செய்யப்படுவதை விட 10 முதல் 100 மடங்கு வரை செலவு குறைந்தது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

அவர் விதித்த நிபந்தனைகள் கல்வி நிலையங்களுக்கும் பொருந்துவன. கூட்டத்தின் நோக்கம் குறைகளைக் கண்டறிவது மட்டுமே. அவற்றைத் தீர்க்கும் வழியை அங்கேயே விவாதித்து நேரத்தைச் செலவிடலாகாது. ஒவ்வொருவருக்கும் தனிப்பணி உண்டு. கூட்டத்தை நடத்துபவர் ஒருவர் தெளிவாகக் குறிக்கப்படவேண்டும். கூட்டம் இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீளக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, கண்டறியப்பட்ட பிழைகளைக் கொண்டு அப்பணியாளரின் திறமையை மேலதிகாரி எடைபோடக் கூடாது என்பதாகும். பிழைக்குத் தண்டனை உண்டென்றால் பிழை மறைக்கப்படும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பின்னர் அமெரிக்காவின் மென்பொருள் பொறியியல் கழகம் வகுத்த திறன் முதிர்ச்சி அளவுகோலில், மூன்றாம் படிநிலைக்குரிய செயல்முறைகளுள் ஒன்றாகச் சகபணியாளர் ஆய்வு இடம்பெற்றது. 1994இல் தன் தலைமையகத்தை எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மாற்றிய இன்ஃபோசிஸ் நிறுவனம், 1999இல் அந்த அளவுகோலின் உச்சமான ஐந்தாம் படிநிலையை எட்டியது. இந்திய மென்பொருள் தொழில் உலகச் சந்தையில் நம்பிக்கையைப் பெற்றதற்கு அத்தகைய தரச்சான்றுகளும் துணைபுரிந்தன. தொழிலகம் கால் நூற்றாண்டிற்கும் மேலாகக் கைக்கொண்டுவரும் ஒழுங்கைக் கல்லூரி இன்னும் முறையாகக் கற்பிக்காதது பொருந்தாத நிலையாகும்.

சக மாணவர் ஏன்?

ஆசிரியர் இருக்கையில் அனுபவமற்ற மாணவரின் கருத்து எதற்கு என்னும் வினா எழுவது இயல்பு. அதற்கு நான்கு விடைகள் கூறலாம்.

முதலாவது, ஆசிரியரின் நேரம் அரிய வளமாகும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் 2018இல் ஆசிரியர் மாணவர் விகிதத்தை 1:15 என்பதிலிருந்து 1:20 எனத் தளர்த்தியது. 60 மாணவர் கொண்ட வகுப்பில் நால்வர் வீதம் 15 குழுக்கள் அமையும். ஒவ்வொரு குழுவிற்கும் ஆசிரியர் 10 நிமிடம் ஒதுக்கினால் 150 நிமிடம் செலவாகிறது. ஒவ்வொரு குழுவும் ஒரே ஒருவரின் கருத்தைப் பெறுகிறது. மாறாக, ஒவ்வொரு குழுவின் மாதிரியையும் வேறு மூன்று குழுக்கள் பார்த்தால், அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் 45 ஆய்வுகள் முடிகின்றன. அப்போது ஆசிரியர் எக்குழுவிற்குத் தம் உதவி மிகவும் தேவை என்பதைக் கண்டு அங்கே நின்று வழிகாட்டலாம்.

இரண்டாவது, படைத்தவரின் கண் விரைவில் பழகிவிடுகிறது. 1991இல் ஜான்சன், ஸ்மித் ஆகிய ஆய்வாளர்கள் பொறியியல் மாணவரிடம் சில வடிவமைப்புப் பணிகளைக் கொடுத்தனர். ஒரு பகுதியினருக்கு மட்டும் முன்னதாக ஒரு வரைபடம் காட்டப்பட்டது. அவ்வரைபடத்தில் இருந்த குறைகளையே அம்மாணவர் தம் வடிவங்களிலும் அமைத்திருந்தனர். ஒரு வடிவத்தைக் கண்டபின் மனம் அதிலேயே நிலைத்துவிடும் இத்தன்மையிலிருந்து விடுபட, அவ்வடிவத்தைப் புதிதாகப் பார்க்கும் பிறர் தேவை.

மூன்றாவது, கருத்துரை கூறுபவரும் பயன் பெறுகிறார். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் எழுதப் பயின்ற மாணவரிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பிறர் கட்டுரையைத் திறனாய்வு செய்தோர், கருத்துரை பெற்றோரை விடத் தம் எழுத்தில் மிகுந்த முன்னேற்றம் கண்டதைக் காட்டியது. பிறர் குறையைக் காணப் பழகிய கண் தன் குறையையும் காணத் தொடங்குகிறது.

நான்காவது, நாட்டின் பொறியியல் பட்டங்கள் பன்னாட்டு ஒப்புதல் பெறுவதற்கு இத்திறன்கள் தேவை. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிலையான உறுப்பு நாடானது. அதன் வழி தேசிய தரமதிப்பீட்டு வாரியம் பட்டதாரிகளிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் வடிவமைப்பு, குழுப்பணி, கருத்துப் பரிமாற்றம் ஆகியன அடங்கும். இம்மூன்றையும் ஒருங்கே பயிற்றும் வகுப்பறைச் செயல்கள் மிகச் சிலவே. சக மாணவர் கருத்துரை அவற்றுள் ஒன்று.

நடத்தும் முறை

முறையின்றி நடத்தப்படும் கருத்துரைக் கூட்டம் ஒன்று புகழுரையாகவோ, இல்லையேல் கேலியாகவோ முடிந்துவிடும். எனவே சில நெறிகளை வகுத்துக்கொள்வது நன்று.

கூட்டத்தின் காலத்தை முதலில் முடிவு செய்யவேண்டும். பதினைந்து வாரப் பருவத்தில் மூன்றாம் அல்லது நான்காம் வாரத்திலேயே முதல் கூட்டம் நடைபெறவேண்டும். அதற்கு வரும் மாதிரி வேண்டுமென்றே கரடுமுரடாக இருக்கவேண்டும். மெருகேற்றிய மாதிரியைக் காண்போர் நிறத்தையும் எழுத்தையும் பற்றியே பேசுவர். அட்டை மாதிரியைக் காண்போர் அடிப்படைக் கருத்தைப் பற்றிப் பேசுவர். கருத்தைக் கைவிடுவது பற்றிப் பேசவும் துணிவர்.

ஒரு மாதிரிக்குப் பதில் இரண்டு அல்லது மூன்று மாற்று மாதிரிகளைக் கொண்டுவரச் செய்வது சிறந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரம் வடிவமைத்த ஒரு பிரிவினர் பல மாதிரிகளை ஒருசேரச் செய்து கருத்துரை பெற்றனர். மற்றப் பிரிவினர் ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றிற்கும் கருத்துரை பெற்றனர். இரு பிரிவினரும் செய்த மாதிரிகளின் எண்ணிக்கை சமமே. ஆயினும் முதற்பிரிவினரின் விளம்பரங்களே சிறந்து விளங்கின. ஒரே மாதிரி இருக்கும்போது அதன் மீதான குறை தன் மீதான குறையாகத் தோன்றுகிறது. மூன்று இருக்கும்போது அது மூன்றிற்கும் இடையிலான ஒப்பீடாகிவிடுகிறது.

மாதிரியைச் செய்தவர் முதலில் விளக்கம் கூறலாகாது. பார்வையாளர் அதைத் தாமே இயக்கட்டும். எங்கே தயங்குகிறார், எதைத் தவறாக அழுத்துகிறார் என்பதைச் செய்தவர் மௌனமாகக் குறித்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிட மௌனம் பல பக்க வினாப்பட்டியலை விடப் பயன் தரும்.

கருத்துரையை எழுத்தில் பெறுவது நலம். அதனை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம்: கண்டது என்ன, அதனால் எழும் ஐயம் என்ன, ஆராயத்தக்க மாற்று என்ன. பெட்டி நன்றாக இல்லை என்பது கருத்துரை ஆகாது. ஈரக்கையோடு விசையைத் தொட்டபோது விரல் வழுக்கியது என்பதே கருத்துரை. ஜெர்மனியின் பெர்ண்ட் ரோர்பாக் 1968இல் வகுத்த முறையும் இங்கு உதவும். ஆறு பேர், ஆளுக்கு மூன்று கருத்து, ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை தாளை அடுத்தவரிடம் தருதல் என்பது அம்முறை. அரை மணி நேரத்தில் 108 கருத்துகள் தாளில் ஏறிவிடுகின்றன. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திர வடிவமைப்புப் பாடத்தில் இதையொட்டிய சகமாணவர் ஆய்வுமுறை கையாளப்பட்டுள்ளது.

இறுதியாக, கருத்துரை பெற்ற குழு ஒரு வாரத்திற்குள் விடை எழுதவேண்டும். எவற்றை ஏற்றனர், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு பக்கத்தில் குறிக்கவேண்டும். ஏற்காமலிருப்பதும் அவர்கள் உரிமையே. காரணம் கூறுவது அவர்கள் கடமை. மோட்டாரைத் தானாகவே நிறுத்தினால் என்ன என்னும் கருத்தை நீர்த்தொட்டிக் குழு மறுக்கலாம். வீட்டு மின்னழுத்தத்தைக் கையாளும் பயிற்சி இன்னும் பெறவில்லை என்பது ஏற்கத்தக்க காரணம்.

தடைகள்

இம்முறைக்குள்ள முதல் தடை நட்பு. ஒரே விடுதியில் தங்குவோர் ஒருவர் குறையை மற்றவர் வெளிப்படக் கூறத் தயங்குவர். சக மாணவரையே மதிப்பெண் இடச் சொன்னால் இத்தயக்கம் முழுமையாகிவிடும். எல்லாருக்கும் பத்துக்கு ஒன்பது கிடைக்கும். எனவே கருத்துரையையும் மதிப்பெண்ணையும் பிரித்து வைப்பது இன்றியமையாதது. முதல் மாதிரிக்கு மதிப்பெண்ணே வேண்டாம். மதிப்பெண் தரவேண்டுமெனில், கருத்துரை கூறியவரின் கூர்மைக்கும், கருத்துரை பெற்றவர் எழுதிய விடைக்கும் ஆசிரியர் தரட்டும்.

இரண்டாம் தடை மொழி. இப்பகுதிக் கல்லூரிகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் மாணவர் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் தமிழ்வழி பயின்று வந்தவர் ஆங்கிலத்தில் பேசத் தயங்கி மௌனமாகிவிடக்கூடும். ஆனால் பம்புசெட்டையும் சொட்டுநீர்க் குழாயையும் கையால் தொட்டு வளர்ந்த அவரிடமே பயனுள்ள கருத்து இருக்கக்கூடும். தாய்மொழியில் எழுதவோ வரைந்து காட்டவோ அவருக்கு வாய்ப்பளித்தால் வகுப்பு முழுவதும் பயன்பெறும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2021-22 முதல் வேறு பல கல்லூரிகளிலும் இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க இசைவு தரப்பட்டது. வடிவமைப்பு வகுப்பில் மொழிப்பன்மையை ஒரு வளமாகக் கொள்வதற்கு இவை முன்னோடிகளாகும்.

மூன்றாம் தடை அச்சம். தம் கருத்தைப் பிறர் எடுத்துக்கொள்வர் என்று சில குழுக்கள் மாதிரியை மறைத்து வைக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பிலும் தேதியும் பெயர்களும் பதிவாகிவிட்டால், எக்கருத்து யாரிடம் தோன்றியது என்பதற்கு அதுவே சான்றாகும்.

எல்லைகள்

சக மாணவர் கருத்துரை எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஒரே வயதினர், ஒரே பாடம் பயின்றோர் ஆகையால் சில குறைகள் எல்லாருக்குமே புலப்படாமல் போகும். மின் அதிர்ச்சி, தீ, நச்சுப்பொருள் போன்ற பாதுகாப்புக் கூறுகளில் ஆசிரியரின் சொல்லே இறுதியானது. கணக்கீட்டுப் பிழைகளை வாக்கெடுப்பால் தீர்க்க முடியாது.

மேலும், பயன்படுத்துவோரின் இடத்தைச் சக மாணவர் நிரப்ப இயலாது. நீர்த்தொட்டிக் கருவியைக் குடியிருப்பின் காவலாளிதான் இயக்கப்போகிறார். அவரிடம் காட்டாத மாதிரி அரைச்சோதனையே பெற்றதாகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் உருவாக்கி 2019இல் வெளியிட்ட, எழுந்து நிற்க உதவும் அரைஸ் சக்கர நாற்காலி இதற்கு நல்ல சான்று. இயக்கக் குறைபாடு உடையோருடனும், அவர்களுக்காகப் பணியாற்றும் மருத்துவர், அமைப்புகளுடனும் கலந்து அது வடிவமைக்கப்பட்டது. நாற்காலியில் அமர்ந்தே நாளைக் கழிப்பவருக்குத் தெரிவது, நின்று வரைபடம் தீட்டுபவருக்குத் தெரியாது. எனவே சக மாணவர் கருத்துரையை முதற் சல்லடையாகவும், பயனாளர் கருத்துரையை இரண்டாம் சல்லடையாகவும் கொள்வதே முறை.

செய்யவேண்டியவை

செய்முறைக் கல்விக்கு நாட்டில் கருவிகள் பெருகிவருகின்றன. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட பள்ளிகளில் செய்முறைக் கூடங்கள் அமைந்துள்ளன. 2025-26ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில், ஐந்தாண்டுகளில் மேலும் 50,000 அரசுப் பள்ளிகளில் அவற்றை அமைப்பதாக அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பக் கல்விக் கழகம் 2021 முதல் கல்லூரிகளில் ஐடியா ஆய்வுக்கூடங்களை நிறுவி வருகிறது. அக்கூடங்களில் முப்பரிமாண அச்சுப்பொறிகளும் லேசர் வெட்டு இயந்திரங்களும் உள்ளன.

கருவியை வாங்குவது எளிது. பழக்கத்தை வளர்ப்பது அரிது. அச்சுப்பொறி வந்தபின் முதல் கருத்தையே அழகாக அச்சிட்டு முடித்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் சிறு மாற்றம் செய்யலாம். வடிவமைப்புப் பாடத்தின் உள்மதிப்பீட்டில் ஒரு பகுதியை முதல் மாதிரிக்கு முந்திய, பிந்திய மாற்றங்களின் பதிவிற்கு ஒதுக்கலாம். சென்னையிலுள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை, கருத்துரைக் கூட்டத்தை நடத்தும் பயிற்சியை ஆசிரியர்க்கு அளிக்கலாம். எலெக்ட்ரானிக் சிட்டித் தொழிலகங்களின் இளம் பொறியாளர்கள், பருவத்திற்கு ஒரு பிற்பகல், அண்டைக் கல்லூரிக்கு வந்து தம் ஆய்வுக் கூட்டம் எவ்வாறு நடக்கிறது என்பதைக் காட்டலாம். இவற்றிற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை.

பிறர் முன்னிலையில் முடியாத வேலையை வைப்பதற்குத் துணிவு வேண்டும். பிறர் வேலையில் குறை கண்டு அதைப் பண்போடு கூறுவதற்கும் துணிவு வேண்டும். இவ்விரண்டையும் இருபது வயதிற்குள் பயின்ற பொறியாளர், நாளை ஒரு பாலத்தின் வரைபடத்திலோ, மருத்துவக் கருவியின் மின்சுற்றிலோ ஐயம் எழும்போது வாய்திறந்து கேட்பார். அந்தக் கேள்வி காப்பாற்றக்கூடிய உயிருக்கும் பொருளுக்கும் முன்னால், வகுப்பறையில் அதற்காகச் செலவாகும் ஓர் அட்டைப் பெட்டியும் ஒரு மாலைப்பொழுதும் மிகச் சிறிய முதலீடே.